சுவரை வைத்தே சித்திரம்: நீர்வண்ண ஓவியம் பயில்வோர்க்குச் சில குறிப்புகள்

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. உடல்நலம் பேணுவதன் இன்றியமையாமையை உணர்த்தவே பெரும்பாலும் இதனை எடுத்தாள்கிறோம். சுவர் என்பது உடல், சித்திரம் என்பது வாழ்வு என்று வகுப்பறையில் பொருள் விரித்துவிட்டு அடுத்த பழமொழிக்குச் சென்றுவிடுவது நம் வழக்கம். ஆனால், இதன் நேர்ப்பொருளை நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? சித்திரம் எழுதுவோர்க்கு முதலில் வேண்டுவது நல்ல சுவர். சுவர் தகுதியற்றதாயின், எழுதும் கையைக் குறை கூறிப் பயனில்லை. இந்த எளிய உண்மையை, ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கடந்த பின்னரே நாம் உணர்ந்தோம். அதுவும் ஒரு மாணவிக்குத் தவறிழைத்த பின்னரே உணர்ந்தோம்.

நாம் செய்த பிழை

அவள் நான்காம் ஆண்டு மாணவி. பென்சிலால் கோடு வரைவதில் அவ்வகுப்பில் அவளுக்கு நிகர் எவருமிலர். கோயில் மணியோ, தள்ளுவண்டியோ, திண்ணையில் உறங்கும் நாயோ, பார்த்ததைப் பார்த்தவாறே தாளில் வடிப்பாள். ஆயினும், வண்ணம் தீட்டத் தொடங்கியதும் படம் கெட்டுவிடும். தாள் அலையலையாய்ப் புடைக்கும். வண்ணம் பள்ளங்களில் குளமாய்த் தேங்கும். இரண்டாம் முறை தூரிகையை ஓட்டினால், தாளின் மேற்பரப்பு நார்நாராய் உரிந்து வரும்.

அவ்வாண்டு கலைக்கல்வியை நாமே கற்பித்து வந்தோம். அவளது தாளின் ஓரத்தில் ‘கவனமின்மை, தூய்மை தேவை’ என்று சிவப்பு மையால் எழுதினோம். ஒரு முறையன்று, மூன்று முறை எழுதினோம். நான்காம் முறை அவள் வண்ணப் பெட்டியையே பள்ளிக்குக் கொண்டுவரவில்லை.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவளுடைய தாயாரிடம் இதுபற்றி வினவினோம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை செய்பவர் அவர். “அவளுக்குக் கை வராதுங்க ஐயா. பெட்டிய தம்பிகிட்ட கொடுத்துட்டா” என்றார். அவர் குரலில் வருத்தம் இல்லை. ஆசிரியரே எழுதிவிட்ட தீர்ப்பு அன்றோ!

அன்று மாலை பள்ளி முடிந்தபின், அவள் பயன்படுத்திய அதே வகைத் தாளை எடுத்து, அதே வகை வண்ணத்தால் ஒரு வானத்தைத் தீட்டிப் பார்த்தோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஓவியத்தையும் ஒரு பாடமாகக் கற்றவர் நாம். எனினும், நம் வானமும் அவளது வானத்தைப் போலவே புடைத்தது. திட்டுத் திட்டாய் உலர்ந்தது. குறை கையில் இல்லை, சுவரில்தான் இருந்தது. அதன்பின் மாணவர்களோடு சேர்ந்து பல வாரங்கள் செய்து பார்த்த சோதனைகளின் பயனே இக்கட்டுரை.

நீர்வண்ணம் என்பது யாது?

நிறப்பொடியை நுண்ணிதாக அரைத்து, ஆப்பிரிக்க நாடுகளில் வளரும் ஒருவகை வேலமரத்தின் பிசினை நீரில் கரைத்து, அதனோடு குழைத்துச் செய்யப்படுவது நீர்வண்ணம். இப்பிசின் அராபியப் பிசின் எனப்படும். வண்ணம் முற்றிலும் வறண்டு வெடிக்காதிருக்கத் தேனோ கிளிசரினோ சிறிதளவு சேர்ப்பர். நீர் ஆவியானபின், பிசின் நிறத்துகள்களைத் தாளோடு பிணைத்து நிற்கிறது.

நீர்வண்ணத்தின் தனிச்சிறப்பு அதன் ஒளி ஊடுருவும் தன்மையாகும். ஒளி வண்ணப் படலத்தைக் கடந்து, வெண்தாளைத் தொட்டு, மீண்டும் வண்ணத்தினூடே நம் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. ஆகவே, நீர்வண்ண ஓவியத்தில் வெண்மை என்பது பூசப்படுவதன்று, தாளில் விட்டுவைக்கப்படுவது. மேகம் வேண்டுமாயின் மேகத்தைத் தீட்டாமல், அதைச் சூழ்ந்த வானத்தைத் தீட்டுதல் வேண்டும்.

சுவரொட்டி வண்ணம் இதற்கு மாறானது. அது தாளை மூடி மறைக்கும் இயல்புடையது. கடைகளில் விற்கும் மலிவான பெட்டிகள் சிலவற்றில் நீர்வண்ணம் என எழுதப்பட்டிருப்பினும், உள்ளே இருப்பது பாதி மறைக்கும் வண்ணமே. வேறுபாட்டை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நீரில் கரையாத கருப்பு மைப் பேனாவால் தாளில் ஒரு தடித்த கோடு இடுக. அது காய்ந்தபின் அதன் குறுக்கே வண்ணத்தைத் தீட்டுக. உலர்ந்தபின் கோடு கருமை மாறாது தெரியின், அவ்வண்ணம் ஒளி ஊடுருவுவது. கோட்டின்மேல் சுண்ணாம்பு போன்ற மூட்டம் படிந்திருப்பின், அது மறைக்கும் வண்ணம். மறைக்கும் வண்ணம் தீயதன்று. அதற்குரிய வேலை வேறு, அவ்வளவே.

தாள்: முதற்பொருள்

தாளின் கனத்தை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று குறிப்பர். நகலெடுக்கும் தாள் 70 அல்லது 80 கிராம் இருக்கும். நாம் மாணவர்க்கு வழங்கி வந்த ஓவியத் தாள் 110 கிராம். நீர்வண்ணத்திற்கென்றே செய்யப்படும் தாள்களில் பெரிதும் பயன்படுவது 300 கிராம் தாளாகும்.

தாள் புடைப்பதேன்? தாள் என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நீர் பட்ட நார்கள் ஊதிப் பெருக்கின்றன. நீர் படாத பகுதி அவ்வாறே இருக்கின்றது. ஈரமான பகுதி விரியவும், உலர்ந்த பகுதி விரியாதிருக்கவும், இடையில் அலை எழுகிறது. கனமான தாள் இதனை எதிர்த்து நிற்கும். மெல்லிய தாளால் இயலாது.

கனம் மட்டும் போதுமா? போதாது. நல்ல நீர்வண்ணத் தாளில் ஊன்பசை முதலிய பசைகளுள் ஒன்று ஊட்டப்பட்டிருக்கும். அது நீரை உடனே உறிஞ்ச விடாமல் மேற்பரப்பில் சற்று நேரம் நிறுத்தி வைக்கிறது. அந்தச் சற்று நேரத்தில்தான் ஓவியர் தம் வேலையைச் செய்கின்றார். பசையற்ற தாளோ மையொற்றும் தாளைப் போல் வண்ணத்தைக் குடித்துவிடும். இதனை அறிய, தாளின் மூலையில் ஒரு துளி நீரை வைத்துப் பாருங்கள். துளி முத்துப்போல் நின்றால் நன்று. வைத்தவுடன் பரவிக் கறையாய் இறங்கினால், அத்தாளில் வானம் தீட்ட முயல வேண்டா.

நார் வகையும் கருதத்தக்கது. பருத்தி நாரால் ஆன தாள் உறுதி மிக்கது. பலமுறை கழுவித் துடைத்தாலும் தாங்கும். ஆனால், விலை கூடுதல். மரக்கூழால் ஆன 300 கிராம் தாள் பள்ளிப் பயிற்சிக்குப் போதுமானது.

‘இவ்வளவு செலவு நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆகுமா?’ என்று பெற்றோர் கேட்கலாம். பெரிய அளவுத் தாள் ஒன்று 56 செ.மீ. அகலமும் 76 செ.மீ. நீளமும் உடையது. அகலத்தை இரண்டாகவும் நீளத்தை நான்காகவும் பகுத்தால், 28 செ.மீ.க்கு 19 செ.மீ. அளவுள்ள எட்டுத் துண்டுகள் கிடைக்கும். இருபுறமும் பயன்படுத்தினால் பதினாறு படங்கள். நால்வர் கூடி ஒரு தாள் வாங்கலாம். இருபத்து நான்கு வண்ணப் பெட்டிக்குத் தரும் பணத்தில் ஒரு பகுதியைத் தாளுக்குத் தருவதே அறிவுடைமை.

மெல்லிய தாளே உள்ளதெனில், அதனை இழுத்து ஒட்டும் முறை ஒன்றுண்டு. தாளை இருபுறமும் நனைத்து, பலகைமேல் படியவைத்து, நீர் தொட்டு ஒட்டும் பழுப்பு நிறத் தாள்நாடாவால் நான்கு ஓரங்களையும் ஒட்டிவிடுக. பலகையைக் கிடையாக வைத்து ஓர் இரவு உலர விடுக. மறுநாள் தாள் பறையின் தோல்போல் விறைத்து நிற்கும். நம் 110 கிராம் தாளும் இம்முறையால் புடைக்காமல் நின்றது. ஆயினும், மேற்பரப்பு உரிவதை இது தடுக்கவில்லை.

நம் நாட்டின் ஈரக்காற்றையும் மறத்தலாகாது. தாளைத் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஊட்டிய பசையும் கெடும். நெகிழிப் பையிலிட்டு மூடி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

வண்ணம்: ஆறு போதும்

பெட்டியில் வண்ணங்கள் மிகுந்திருந்தால் படமும் சிறக்கும் என்பது தவறான எண்ணம். மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்றும் முதன்மை வண்ணங்கள் எனக் கற்றிருக்கின்றீர்கள். இவை ஒவ்வொன்றிலும் இரண்டு வகை, ஆக ஆறு வண்ணங்கள் இருந்தால் ஏறத்தாழ எல்லாவற்றையும் கலந்துகொள்ளலாம். பச்சைச் சாயல் கொண்ட எலுமிச்சை மஞ்சள், செம்மைச் சாயல் கொண்ட மாம்பழ மஞ்சள். மஞ்சட்சாயல் கொண்ட குங்குமச் சிவப்பு, நீலச்சாயல் கொண்ட ரோசாச் சிவப்பு. ஊதாச்சாயல் கொண்ட அல்ட்ராமரின் நீலம், பச்சைச்சாயல் கொண்ட தாலோ நீலம். இவையே அந்த ஆறு.

இரண்டு வகை எதற்கு? நம் மாணவன் ஒருவன் மங்குஸ்தீன் பழம் தீட்ட விரும்பி, குங்குமச் சிவப்பையும் தாலோ நீலத்தையும் கலந்தான். கிடைத்தது சேற்று நிறம். குங்குமச் சிவப்பில் மஞ்சளின் சாயல் உண்டு. தாலோ நீலத்திலோ பச்சைச் சாயல். ஆகவே, அவன் அறியாமலேயே மூன்று முதன்மை வண்ணங்களையும் ஒன்றாய்க் கலந்துவிட்டான். மூன்றும் கூடினால் ஒன்றன் ஒளியை மற்றொன்று அவித்துவிடும். ரோசாச் சிவப்பையும் அல்ட்ராமரினையும் கலக்கச் சொன்னோம். தெளிந்த ஊதா கிடைத்தது.

ஆனால், சேற்று நிறமும் வேண்டும் இடம் உண்டு. எலுமிச்சை மஞ்சளும் தாலோ நீலமும் கூடிய பச்சை கண்ணைப் பறிக்கும். அந்தப் பச்சையில் நம் செம்பனை ஓலை இல்லை. ஒரு துளி சிவப்பைச் சேர்த்து அப்பச்சையை அடக்கினால்தான் சன்னலுக்கு வெளியே நிற்கும் செம்பனை தாளுக்கு வரும். பால்மரத்தின் இளந்தளிரைப் பாருங்கள். அது பச்சையே அன்று, செம்பின் நிறம். பெட்டியில் உள்ள பச்சையை அப்படியே எடுத்துப் பூசுபவர் மரத்தைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்க்கின்றார்.

தூரிகை

நீர்வண்ணத் தூரிகைகளுள் மிக உயர்ந்ததாகப் போற்றப்படுவது சைபீரிய மரநாய் வகையொன்றின் வால்மயிரால் ஆனது. மாணவர்க்கு அது தேவையில்லை. நல்ல செயற்கை இழைத் தூரிகை இரண்டு போதும். உருண்டை வடிவில் 8 அல்லது 10ஆம் எண் ஒன்று. நுணுக்க வேலைக்கு 3 அல்லது 4ஆம் எண் ஒன்று. ஆட்டுமயிரால் ஆன சீனத் தூரிகை பரந்த பூச்சுக்கு உதவும், விலையும் குறைவு.

கடையில் தூரிகையின் முனை பசையிட்டுக் கூராக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டு மயங்கற்க. கடைக்காரரிடம் ஒரு குவளை நீர் கேட்டுப் பெற்று, தூரிகையை நன்கு நனைத்து ஒருமுறை உதறிப் பாருங்கள். மயிர்கள் ஒருங்கே கூடிக் கூர்முனை ஆயின் வாங்கலாம். இரண்டாய்ப் பிளந்து நின்றால் திருப்பித் தந்துவிடலாம்.

தூரிகையை நீர்க்குவளையில் தலைகீழாய் நிறுத்தி வைத்தல் கூடாது; முனை வளைந்துவிடும். கழுவிப் படுக்கை வாட்டில் உலர்த்துக. கூர்மையாக்கும் பொருட்டு வாயில் வைத்தல் அறவே கூடாது. சில நிறப்பொடிகள் உடலுக்குக் கேடு பயப்பன. குவளைகள் இரண்டு வேண்டும்: ஒன்று தூரிகையைக் கழுவ, மற்றொன்று தூய நீருக்கு. வண்ணம் கலக்க வீட்டிலுள்ள வெள்ளைப் பீங்கான் தட்டே சாலச் சிறந்தது.

செய்து பார்க்க ஐந்து சோதனைகள்

இச்சோதனைகளுக்குப் புள்ளிகள் இல்லை. படம் அழகாக வர வேண்டும் என்பதுமில்லை. தாளின் ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் என்ன வண்ணம், எவ்வளவு ஈரம், என்ன நேர்ந்தது என்பதை மட்டும் எழுதிவைக்க வேண்டும்.

1. சமப் பூச்சு. பலகையின் மேற்பகுதியின் கீழ் ஒரு நூலை வைத்துச் சாய்வாக்குக. போதிய அளவு வண்ணத்தை முன்னரே கரைத்து வைத்துக்கொள்க. மேலிருந்து கிடைக்கோடாகத் தீட்டினால், கோட்டின் கீழ்விளிம்பில் வண்ணநீர் திரண்டு நிற்கும். அடுத்த கோடு அந்த நீரைத் தொட்டுக் கீழே இழுத்துச் செல்ல வேண்டும். கடந்து வந்த இடத்திற்குத் திரும்பிச் செல்லலாகாது. ஈரமாய் இருக்கும்போது செறிவாகத் தோன்றும் வண்ணம் உலர்ந்ததும் வெளிறும் என்பதையும் இதிலேயே காண்பீர்கள்.

2. ஈரத்தின்மேல் ஈரம். நான்கு துண்டுகளைத் தூய நீரால் நனைத்து, வெவ்வேறு நேரத்தில் ஒரு துளி நீல வண்ணம் இடுக. நீர் கண்ணாடிபோல் மின்னும்போது இட்டால் வண்ணம் புகைபோல் எங்கும் பரவும். மினுமினுப்பு மங்கும்போது இட்டால் ஓரளவு பரந்து மெல்லிய விளிம்போடு நிற்கும். தொட்டால் மட்டும் குளிரும் நிலையில் இட்டால் சிறிதே பரவும். உலர்ந்தபின் இட்டால் கூரிய விளிம்பு கிடைக்கும். பாதி உலர்ந்த வண்ணத்தின்மேல் நீர் மிகுந்த தூரிகை பட்டாலோ, புதிய நீர் பழைய நிறத்துகள்களை விளிம்புக்குத் தள்ள, பூக்கோசு போன்ற வடிவம் தோன்றும். இதனையே நாம் முன்பு அழுக்கு என்று எழுதினோம். தாள் உலர்ந்ததா என அறியப் புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இன்னும் உண்டு. மழை பெய்யும் பிற்பகல்களில் நம் வகுப்பறையில் தாள் உலர நெடுநேரம் ஆகும். அந்நேரம் இச்சோதனைக்கு உகந்தது. மேற்பூச்சு வேலைக்கு உகந்ததன்று.

3. மெழுகுத் தடுப்பு. மெழுகுவத்தித் துண்டால் தாளில் கோடிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுக. மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது. கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் பாத்திக் துணி செய்வோர் உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயம் ஏற்றுவதும் இதே நெறியில்தான்.

4. உப்பு. மினுமினுப்பு மங்கும் வேளையில் கல்லுப்பைச் சிறிது தூவுக. ஒவ்வொரு பரலும் தன்னைச் சுற்றியுள்ள நீரை ஈர்க்க, நட்சத்திரம் போன்ற வெண்புள்ளிகள் தோன்றும். முற்றும் உலர்ந்தபின் உப்பைத் துடைத்துவிடுக.

5. வெயில். ஆறு வண்ணங்களையும் ஒரு நீண்ட துண்டில் பட்டைகளாகத் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒட்டிவைக்க. சில மாதங்கள் சென்றபின் மூடியைப் பிரித்துப் பார்த்தால் எவ்வண்ணம் நிலைத்தது, எது வெளுத்தது என்பது வெளிப்படும். இதற்குப் பொறுமை ஒன்றே முதல்.

நம் மண்ணின் முன்னோடிகள்

நீர்வண்ணம் நம் நாட்டு வானிலைக்குப் புதிதன்று. கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென், நிழற்படக்கூடம் நடத்தியவாறே கடற்கரைகளையும் படகுகளையும் நீர்வண்ணத்தில் வடித்தார். மலேசிய ஓவியத்தின் தந்தை எனப் பலரும் அவரைப் போற்றுவர். பினாங்கைச் சேர்ந்த அப்துல்லா அரிப் ஓவியராக மட்டுமன்றிக் கலை ஆசிரியராகவும் விளங்கினார். இவ்விருவரும் 1962ஆம் ஆண்டில் மறைந்தனர். சிங்கப்பூரின் லிம் செங் ஹோ எழுத்தர் பணியில் இருந்துகொண்டே, ஓய்வு நேரங்களில் சிங்கப்பூர் ஆற்றங்கரையைத் தீட்டினார். 1969இல் தோன்றிய சிங்கப்பூர் நீர்வண்ணச் சங்கத்தின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். பிழைப்புக்கு ஒரு தொழிலைச் செய்துகொண்டே கலையையும் வளர்த்தவர்கள் இவர்களுள் உண்டு என்பதை நம் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

முடிவுரை

அம்மாணவியை மீண்டும் அழைத்தோம். “நாம் எழுதியது பிழை. குறை தாளில் இருந்தது” என்று வகுப்பினர் முன்னிலையிலேயே கூறினோம். அவள் ஒன்றும் பேசவில்லை. எட்டில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். முதல் இரண்டு வாரம் படமே வரையவில்லை. நீர்த்துளிகளை மட்டும் இட்டு, அவை பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம், செம்பனை வரிசைக்குமேல் மழை கவிந்து வருவதைத் தீட்டினாள். மேகத்தின் ஓரத்தில் ஒரு பூக்கோசு வடிவம் இருந்தது. “இது தவறி விழுந்ததா?” என்று கேட்டோம். “இல்லைங்க ஐயா, பாதி காயிற வரைக்கும் காத்திருந்து வச்சேன்” என்றாள்.

அப்படம் இப்போது நம் அலுவலகச் சுவரில் இருக்கிறது. அதன் அருகில், நாம் சிவப்பு மையால் எழுதிய பழைய தாளையும் ஒட்டிவைத்திருக்கின்றோம். அது அவள் நினைவுக்கன்று, நம் நினைவுக்கு.

ஆசிரிய நண்பர்களே, ஒரு பிள்ளையின் கையைக் குறை கூறுமுன் அதே தாளில், அதே தூரிகையால் நீங்கள் ஒருமுறை தீட்டிப் பாருங்கள். பெற்றோர்களே, ‘கை வராது’ என்ற சொல்லை வீட்டில் வழங்க வேண்டா. மாணவச் செல்வங்களே, வண்ணம் குறைவாக இருப்பினும் வருந்தற்க. நல்ல தாள் ஒரு துண்டு, கூரிய தூரிகை ஒன்று, காத்திருக்கும் மனம், இவை உங்களிடம் இருந்தால் போதும். சுவர் நன்றாயின் சித்திரமும் நன்றாகும்.

வாழ்க கலை! வளர்க நம் மாணவர்!